கோட்டுக்குக் கீழே

ஒன்பது வருடம்
மணியடித்ததும் தாளை உருவியவள் நான்.
நாற்பது நிமிடம் என்றால் நாற்பது.
ரெஜினின் தாளில்
இருபடிச் சமன்பாடு சமக்குறி வரை வந்திருந்தது.
அங்கிருந்து ஒரு நீலக்கோடு
விளிம்பு வரை ஓடிக் கிழித்திருந்தது.
அவன் போட்டதல்ல.
நான் இழுத்தபோது பேனா போட்டது.
குலசேகரத்தில் அன்றிரவு மழை.
அந்தக் கோட்டுக்கு எத்தனை மதிப்பெண் என்று
சிவப்புப் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தேர்வு, கடைசிப் பீரியடு.
மணியடித்ததும்
எழுதியதற்குக் கீழே பென்சிலால் கோடு போடச் சொன்னேன்.
"இனி எழுதுங்க."
"எதுவரைக்கும் டீச்சர்?"
"தீருவது வரைக்கும்."

யாரும் நம்பவில்லை.
ஆன்சிலின் சரியாய் எழுதியதை அடித்து
இரண்டாம் முறை தவறாய் எழுதினாள்.
அபிஷா பதினாறாம் நிமிடமே முடித்தவள்,
என் தாராளத்தால் அவளுக்கு ஒரு கொட்டாவி லாபம்.
ஷிபுவின் தாள்
கோட்டுக்கு மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை.
"நாளை வரை தந்தாலும் எனக்கு அறியாது டீச்சர்."
அவனுக்கு வேண்டியது வேறு.
அது என்னவென்று நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ரெஜின்
விரலில் காய்ந்த ஒட்டுப்பாலை உரிப்பான்,
உருட்டுவான், பெஞ்சில் வைப்பான்,
பிறகு ஒரு வரி.
ஒரு கணக்குக்கு ஆறேழு உருண்டை.
விடியுமுன் அப்பாவோடு முந்நூறு மரம்.
இத்தனை நாள் அதை
விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

ஞானதாஸ் சார் வாசலில் நின்றார்.
"பப்ளிக்கில இப்படிக் கோடு போட விடுவினுமா டீச்சரே?
மூணு மணிக்கூர் கழிஞ்சா கழிஞ்சதாக்கும்."
"விடமாட்டினும் சார்."
அதற்குமேல் சொல்ல
அன்றைக்கும் ஒன்றுமில்லை, இன்றைக்கும் இல்லை.

நாலு இருபதுக்கு ரெஜின் எழுந்தான்.
கோட்டுக்குக் கீழே மூன்று வரி, நாலாவது பாதி.
"முடிச்சிட்டுப் போயேன்."
"பேச்சிப்பாறை பஸ் போயிரும் டீச்சர்.
அடுத்தது ஆறே முக்காலுக்கு."
தாளை அவனே நீட்டினான்.
நான் கொடுத்த நேரத்தில்
பஸ் ஓடவில்லை.

இப்போது ஏழு கேள்வியை நாலாக்கிவிட்டேன்.
முதல்நாள் இரவு நானே எழுதிப் பார்க்கிறேன்,
குக்கர் விசிலுக்கு இடையில்.
எனக்குப் பத்து நிமிடமென்றால் அவர்களுக்கு முப்பது.
அதுவும் ஊகம்தான்.

ஆனால் அந்தத் தேர்வுக்கு மறுநாள் காலை,
அசெம்பிளிக்கு முன்,
ரெஜின் உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.
பஸ்சில் முடித்திருக்கிறான்.
எக்ஸ் சமம் நாலு.
அடுத்தது, எக்ஸ் சமம் மூன்று,
மூன்றுக்கு முன்னாலிருந்த குறியைப்
பால்வெட்டு அழித்துவிட்டது.
"கூட்டலா, கழித்தலா?"

பெருவிரலில் ஒட்டியிருந்ததை
மெல்ல உரிக்க ஆரம்பித்தான்.
நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை
என்று எழுதத்தான் ஆசை.
பார்த்தேன்.
ஐம்பத்திரண்டு வினாடி.