பதினேழு நான்

எனக்கு நீச்சல் தெரியாது, ஊர் பெரம்பலூர் என்று
முதல் நாளே சொல்லிவிட்டேன்.
"படத்தில் தண்ணீர் ஆழமில்லை" என்றார் க்ரோத்தே,
தூரிகைக் காம்பால் காதைச் சொறிந்தபடி.

முஹரக்கில், மூடிக் கிடந்த ஐஸ் ஃபேக்டரியின் மாடி.
வெள்ளிக்கிழமை ஆறு மணி நேரம் நிற்க
ஐந்து தினார், மதியம் பிரியாணி.
சாரம் கட்டினால் ஒன்றேகால் நாள் கூலி அது.

முத்து வணிகர் குடும்பம் ஒன்று
தன் நூறு வருஷத்தைப்
பதினெட்டடித் துணியில் கேட்டிருந்தது.
கடலுக்குப் புறப்பட்ட படகில் நாற்பத்தோரு ஆள்.
அதில் பதினேழு நான்.

கயிறு இழுக்கிற நான்,
மூக்கில் கவ்வி மாட்டி இறங்கப் போகிற நான்,
சிப்பி பிளக்கும் என்னை
முறைத்துக்கொண்டு நிற்கிற கணக்கனும் நானே.
ஒரு முத்தை ஒளித்தால்
நானே என்னைப் பிடித்துக் கொடுக்க வேண்டும்.
பாட்டுக்காரன் மட்டும் நேபாளத்துத் தில்பகதூர்,
அவன் வாய்தான் நன்றாகத் திறக்கும்.

"முடிச்சு தப்பு சார், ஆள் கனம் தாங்காது"
என்றேன் ஒருநாள். சுரண்டிவிட்டு
என் கையைப் பார்த்து மறுபடி வரைந்தார்.

டீ ஆறும்வரை தன் கதை சொல்வார்,
என்னைப் பார்த்து அல்ல, துணியைப் பார்த்து.
காசெல் ஊரில் நீதிபதிகள், வங்கிக்காரர்கள்,
ஒரு பிஷப் இரண்டு தடவை,
இளைப்பதற்கு முன்னும் பின்னும்.
முப்பது வயதில் பெரிய போர்க்களம் ஒன்று வரைந்தாராம்,
தோற்றவர் பக்கம் நின்று.
வாங்க ஆளில்லை.
நான்காய் வெட்டி, திருப்பிப் போட்டு,
பின்பக்கத்தில் நான்கு மேயர்கள்.
"நகரசபைச் சுவரை முகர்ந்துகொண்டு
இன்னும் கிடக்கிறார்கள் என் பையன்கள்."
சிரித்தார். நான் சிரிப்பதா என்று தெரியவில்லை.

மார்ச்சில் குடும்பத்திடமிருந்து உறை வந்தது.
தாத்தா, சின்னத் தாத்தா, அவர் மைத்துனர்,
எல்லாம் பழுப்பேறிய போட்டோ.
வெள்ளிக்கு ஒன்றாக என் முகங்கள் போயின.
கழுத்துவரை நான். மேலே யாரோ முதலாளி.

மூழ்குகிறவனுக்கு மட்டும்
உறையில் போட்டோ இல்லை.
அந்த ஐந்து பேரை என்ன செய்வது என்று
போனில் வெகுநேரம் பேசினார்.
பிறகு பச்சையைக் குழைத்தார், நீலத்தைக் குழைத்தார்,
கடலை
இரண்டு சாண் உயர்த்தினார்.

மாளிகையில் படத்தை ஏற்ற
சாரம் கட்டியது எங்கள் கம்பெனி.
ஐந்து கயிறுகள் தண்ணீருக்குள் போகின்றன,
விறைப்பாக. கீழே யாரும் தெரியவில்லை.
விரல் நீட்டினேன்.
தொடாதே என்றான் காவல்காரன்.

முடிச்சைப் பார்த்தேன், வேறொன்றுமில்லை.
தாங்கும்.