சிவப்பு அறுபது

சோமனூரில் தறி நிறுத்திய பதினேழாம் நாள்
காந்திபுரம் போய்ப் பழைய ஃபிலிம் கேமரா வாங்கி வந்தேன்.
பாவு ஓடாத வீட்டுக்கு
இது ஒண்ணுதான் குறைச்சல் என்றாள் கருணாம்பிகை.

முதுகைத் திறந்தேன்.
உள்ளே கறுப்பாய் ஒரு திரை.
தொடாமல் ஊதிப் பார்த்தேன், அசைந்தது.
துணி.
இருபது வருசம் காடா ஓட்டினவனுக்கு
அது போதும், மிச்சம் தானே விளங்கும்
என்று நினைத்துவிட்டேன்.

ஃபிளாஷுக்கு நாலு பென்சில் செல்.
சுவிட்சைப் போட்டால் கொசு மாதிரி ஒரு கீச்சு
மெலிந்து மெலிந்து காதுக்கு எட்டாத உயரம் போய்
பிறகு ஆரஞ்சு விளக்கு.
இருபத்தெட்டைத் தூரத்தால் வகுக்கணும்:
ஏழு மீட்டருக்கு வளையத்தில் நாலு,
மூன்றரைக்கு எட்டு.
துணி அளக்கும் இரும்புக் கோலை எடுத்து
சமையல்கட்டிலிருந்து வாசல்வரை அளந்தேன்.
நாய் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது.

கருமத்தம்பட்டி மண்டபத்தில் காதுகுத்து.
மௌனகுரு மச்சான் வந்திருந்தார்.
எங்களுக்குப் பாவு கொடுப்பவர், கூலியில் கைவைத்தவர்.
அண்ணனோடு அவள் பேசி எட்டு மாசம்.
பந்திக்கு முண்டிய கூட்டம் தள்ளிவிட்டதில்
ரெண்டு பேரும் ஒரு நிமிசம் பக்கத்தில் நின்றார்கள்.
அழுத்தினேன். மண்டபமே வெளுத்தது.

கழுவி வந்த படத்தில் அவள் மட்டும்.
பட்டுச்சேலை, மூக்குத்தி, சிரிக்கலாமா என்கிற வாய்.
மறுபாதி கறுப்பு,
கத்தரி வைத்து வெட்டின மாதிரி.
"பொருத்தமாத்தானே வந்திருக்குது" என்றாள்.

ஃபிலிம் இல்லாமல் முதுகைத் திறந்து வைத்து
சுவரைப் பார்த்து அடித்தேன்.
நூற்றிருபத்தைந்தில் பாதிச் சன்னல்.
அறுபதில் முழுச் சன்னல்.
திரை ஒன்றல்ல, ரெண்டு.
முதலாவது ஓடி முடிக்கும் முன்னே
அடுத்தது கிளம்பிவிடுகிறது.
அறுபதில்தான் ரெண்டும் ஒதுங்கி நிற்கிறது,
கண்ணிமைக்கும் நேரம்.
டயலில் அந்த எண் மட்டும் சிவப்பு.
வாங்கின அன்றைக்கும் சிவப்பாகத்தான் இருந்திருக்கும்.

போன் போட்டேன்.
"மச்சான், படத்துல நீங்க விழுகலீங்க.
மறுக்கா ஒருக்கா நிக்கோணும்."
அந்தப் பக்கம் வெகுநேரம் லாரிச் சத்தம்.

ஞாயிறு பொழுதோட வந்தார்.
ஓடாத எட்டுத் தறிக்கு நடுவில் நிறுத்தினேன்.
அவள் கையைக் கட்டிக்கொண்டு
காலி பீமைப் பார்த்தாள்.
அறுபது. எட்டு. மூன்றரை மீட்டர்.
விளக்கு வரவில்லை, செல் இறங்கியிருந்தது.
"சித்தெ இருங்க, ஏறட்டும்."

கீச்சு நொண்டி நொண்டி ஏறியது.
தறிச் சத்தமில்லாத குடோனில்
இருபது நொடி ரொம்ப நீளம்.

"இளைச்சுட்டியே கண்ணு" என்றார்.

"கூலிய அறுத்தா
இளைக்காம என்ன பண்றதுங்ணா?"

அந்த 'ங்ணா' அவளுக்குத் தெரியாமல் வந்தது.
அவர் நூல் விலையைச் சொன்னார்,
அவள் கரண்ட் பில்லைச் சொன்னாள்,
அவர் குரல் ஏறியது, அவள் கை அவிழ்ந்து
அவர் முகத்துக்கு நேரே ஆடியது.

ஆரஞ்சு விளக்கு எப்போதோ வந்துவிட்டது.
நான் இன்னும் அழுத்தவில்லை.
ரோலில் பத்தொன்பது பாக்கி.