இடது கை

பெரம்பூர் இ-சேவை மையம்.
கண்ணாடிமேல் விரல் வைக்கச் சொன்னாள் அந்தப் பெண்.
வலது ஏறியது.
இடது நான்கும் இல்லை என்றது இயந்திரம்.
ஈரத்துணியில் துடைத்து வைத்தேன்.
தலைமுடியில் தேய்த்து வைத்தேன்.
இல்லை.

"என்ன வேலை சார், செங்கல் சூளையா?"

கிட்டார் என்றால் நம்புவாளா.
சனி இரவு மவுண்ட் ரோடு ஓட்டலில்
சோடா உடைபடும் சத்தத்துக்குள் ப்ளூஸ்;
திங்கள் காலை வடபழனியில்
கதாநாயகி அழ எட்டு பார்,
பதினோராவது டேக், பெயர் வராது;
ஒரே ஒருமுறை மியூசியம் தியேட்டரில்
பாக், முழுதாக.
நாற்பது பேர், இரண்டு இருமல்,
நடுவில் கரண்ட் போனது.
நான் நிறுத்தவில்லை.

ஜாஸ்காரர்களுக்கு நான் கிளாசிகல்.
கிளாசிகல்காரர்களுக்கு கிளப் ஆள்.
வீட்டுக்காரருக்கு மூன்று மாத பாக்கி.

நைலான் பாதி, எஃகு பாதி
தின்றுவிட்டுப் போன ரேகை.

"டெஸ்மண்ட் பொன்னையா, பேர் சரியா?"
சரி.
"ஒரு வாரம் எண்ணெய் தடவுங்க, திரும்பி வந்திடும்."

வந்துவிடுமோ என்று
பயமாக இருந்தது.

29சி-யில் கூட்டம். மேல்கம்பியைப் பிடித்தேன்.
ஆள்காட்டி விரல் தானாக நீண்டு
குறுக்கே படுத்தது,
எஃப் மைனருக்கு.
புரசைவாக்கத்தில் சடன் பிரேக்.
விடவில்லை.