பயணி பக்கம்

கம்பளத்தை உரித்தேன். அடியில் தார்ப்பூச்சு.
ஸ்க்ரூ டிரைவரை ஊன்றினால்
நனைந்த பிஸ்கட்டில் இறங்குவதுபோல் இறங்கி
அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

ஔலு நகரத்தில் ஒவ்வொரு குளிர்காலமும்
சாலைக்கு உப்பிடுவோம்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதை
இந்த சாப் கார்
எலும்புவரை கேட்டு நடந்திருக்கிறது.

விற்ற என்சியோ சத்தியம் செய்திருந்தார்:
"தரையை யாரும் தொட்டதே இல்லை, துய்ரே.
எழுபத்தொன்றில் எப்படி வந்ததோ அப்படியே."

வெட்டுமுன் கதவு வாயில் குறுக்கே
ஒரு குழாயைப் பற்றவைத்தேன்.
தரை போனால் வண்டி நடுவில் தொய்யும்,
பிறகு கதவு சாத்தாது.
இதை இன்னொருவர் வண்டியில் கற்றேன்.
அவர் என்னோடு பேசுவதில்லை.

ஓட்டுநர் பக்கம் அரை நாள்.
ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்துத் துளைத்து
மூன்று ட்ரில் பிட் மழுங்கின.
பயணி பக்கமோ
சுத்தியலுக்கு வேறு குரலில் பதில் சொன்னது.
காந்தம் வழுக்கி விழுந்தது.
அலுமினியம்.

தாரைச் சுரண்டினேன்.
மஞ்சள்.
சிவப்பு விளிம்பு.
ஒரு கறுப்புக் கால், தொங்கும் தாடை, கொம்பு:
மூஸ் மான் குறுக்கே வரும், கவனம்.
சுற்றிலும் முப்பத்தாறு ரிவெட்,
அளந்து வைத்த இடைவெளி.

போனில் சொன்னேன்.
என்சியோ வெகுநேரம் மூச்சு மட்டும் விட்டார்.

"எண்பத்து மூன்று. நான் கப்பலில் இருந்தேன்.
காலில் சேறு தெறிக்கிறது, நீ வரும்வரை பொறுக்க முடியாது,
நானே ஏதாவது செய்துகொள்கிறேன் என்று
ஹில்க்கா எழுதியிருந்தாள்.

அடுத்த அக்டோபரில் கீமின்கி வளைவில்
மூஸ் மானை இடித்தோம்.
ஒரு பலகை இல்லை அங்கே, ஒரு எச்சரிக்கை இல்லை!
சாலைத்துறைக்கு இரண்டு பக்கம் எழுதினேன்.
மூடர்களே என்றுகூட எழுதினேன்.
தபால்தலையை நக்கி ஒட்டியது அவள்தான்."

இடித்தபோது அவர் எங்கே உட்கார்ந்திருந்தார்?

"என் பக்கத்தில்.
இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு."

புதுத் தகடு ஒரு மில்லிமீட்டர்,
துத்தநாகம் பூசி, துளையிட்டு, தயாராக இருக்கிறது.
அலுமினியம் திரும்பப் போகாது:
பக்கத்து இரும்பை அதுதான் இத்தனை வருடம்
சத்தமில்லாமல் தின்றிருக்கிறது.
ஆய்வாளரும் விடமாட்டார்.
இப்போதைக்குச் சுவரில் சாய்ந்து நிற்கிறது,
முகமெல்லாம் தாருடன்.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறாராம் என்சியோ.
"அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது,
எடுத்து வருகிறேன்" என்றார்.

எனக்கா என்று கேட்டேன்.

"உனக்கெதற்கு?
பலகைக்கு."