கோப்ரல் பத்திரண

மாதத்தில் ஒரு செவ்வாய்
தியத்தலாவை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போவேன்.
இடது காது அறவே கேட்காது.
த்ரீவீலில் இடது ஓரமாய் ஒட்டி உட்காருவார்,
நல்ல காது என் பக்கம் இருக்கட்டும் என்று.
எந்தப் பக்கத்து வெடி அது என்று கேட்டால்
"இடப்பக்கம்" என்பார்.

பெயர் வீரபத்திரன்.
பட்டாளத்தில் தலையை வெட்டி
பத்திரண ஆக்கினார்கள்.
லயத்தில் ஆமிக்காரர்.
ஓய்வூதியத் தாளில் ஓர் எண்.
முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டது
பூரணமக்கா ஒருவர்தான்,
அதுவும் கோபம் வந்தால்.

துவக்குத் தூக்கிய கதை கேட்டிருக்கிறேன்.
"தூக்கினேன். பாரம்." அவ்வளவுதான் கதை.
பத்தொன்பது வருசமும் பார்த்தது வாய் வேலை.
வவுனியாப் பக்கம் ஒரு சோதனைச் சாவடியில்
தமிழை வாங்கிச் சிங்களமாய்க் கொடுக்கணும்,
சிங்களத்தை வாங்கித் தமிழாய்.
வரிசையில் நின்ற சனம் அவர் பேச்சைக் கேட்டு
முதலில் முகம் தெளியுமாம்.
அப்புறம் சட்டையைப் பார்க்குமாம்.
"அந்த ரெண்டாவது பார்வை இருக்கே, தம்பி..."
பிறகு தியத்தலாவை வரைக்கும்
தேயிலையைப் பார்த்துக்கொண்டு வருவார்.

ஒரு தடவை
பதுளை மெயிலுக்காக கேட்டில் நின்றபோது
நான் கேட்காமலே சொன்னார்.
ஓலைப் பையோடு ஒரு தாய்.
மகன் எங்கே என்றதற்கு
காட்டுக்குப் போயிட்டான் ஐயா என்று அழுதிருக்கிறாள்.
அந்த வருசத்தில் அந்தச் சொல்லுக்கு
ஒரே அர்த்தம்தான்.
பெரியவர் இவர் பக்கம் திரும்பி
மொகத கிவ்வே?
விறகு வெட்டப் போயிருக்கிறானாம், சேர்.
"பொய்யில்லையே. காடுதானே?" என்றார் என்னிடம்.
ரயில் போயிற்று. கேட் திறந்தது.
பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான்.
"எல்லா நாளும்
அப்படிச் சொல்லல, தம்பி."

போன வியாழன் விடிய,
பிரட்டுக்கு ஆள் கூடுமுன் முடிந்துவிட்டது.
மழை. மேல்பிரிவுக்கு வண்டி ஏறவில்லை.
தப்பு முன்னே, தோளில் பெட்டி பின்னே,
சறுக்கிச் சறுக்கி ஏறினோம்.
முகாமிலிருந்து இரண்டு பொடியன்கள்,
சப்பாத்தெல்லாம் சேறு,
கொடியை மட்டும் பிளாஸ்டிக் பையில்
நனையாமல் கொண்டுவந்தார்கள்.
பெட்டிமேல் விரித்தார்கள், மடித்தார்கள்,
அக்காவிடம் நீட்டினார்கள்.

அக்கா கை நீட்டவில்லை.
"ராத்திரி ராத்திரி கத்துனாரே மனுசன்,
அப்ப எங்க இருந்துச்சு இந்தத் துணி?
ஏழு பேர்ச் காணி கேட்டு மூணு கடுதாசி போட்டாரு.
அதுக்குப் பதில் கொண்டாரச் சொல்லு."

மீசை சரியாய் முளைக்காத பொடியன்
என்னைப் பார்த்தான்.
எயா மொகத கிவ்வே?

தகரத்தில் மழை.
நான் காணியைச் சொன்னேன்,
மூன்று கடிதத்தையும் சொன்னேன்.
ராத்திரிகளைச் சொல்லவில்லை.
அதற்கு என் சிங்களம் காணாது.

அவன் சட்டைப்பையில் பேனா இருந்தது, தாள் இல்லை.
உள்ளங்கையை விரித்துப் பெயர் கேட்டான்.
பத்திரண என்று அவனே எழுதத் தொடங்கினான்.
இல்லை மல்லி, முன்னால் இன்னும் இருக்கிறது
என்று ஒவ்வோர் எழுத்தாய்ச் சொன்னேன்.
கை முழுக்க வந்தது, கட்டைவிரல் வரைக்கும்.

ஜீப் நிற்கும் இடத்துக்கு
அரை மைல் நடக்கணும், அந்த மழையில்.
கையை மூடிக்கொண்டுதான் இறங்கினான்.
அதுவரைக்கும் பார்த்தேன்.