மீட்டர் இல்லாத அறை

ராஸ் அல் கைமா, நக்கீல், ஜூலை.
அரசு மானியத்தில் பழைய ஜன்னல் ஏ.சி.களைக் கழற்றி
புதுசு மாட்டுகிறோம், நானும் பிலவேந்திரனும்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம்:
தின்ற யூனிட், இனி தின்னப்போகும் யூனிட்.
பணம் மிச்சத்துக்குத்தான்.

நாலாம் மாடி வரை கணக்கு சரியாக வந்தது.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி
ஒரு தகரக் கதவு.
காவலாளி ஷெரிபுதீன் திறந்தான்.
ஒரு விசிறி. ஈரத்துண்டு விரித்த கட்டில்.
சுற்றிலும் நேற்று நாங்களே நிறுத்திய
இருபத்துநான்கு வெளி யூனிட்கள்
கட்டடத்தின் வெக்கையை எல்லாம்
அவன் சுவரில் துப்பிக்கொண்டிருந்தன.

"இங்கேயும் ஒண்ணு வருமா, பாய்?"

டேப்லெட்டைத் தட்டினேன்.
மீட்டர் எண் கேட்டது. இல்லை.
பழைய ஏ.சி.யின் மாடல் கேட்டது. இல்லை.
ஒற்றை விசிறியில்
எதைக் குறைத்து எதை மிச்சம் காட்ட?
திரை சிவந்தது: தகுதியில்லை.

பிலவேந்திரன் பேசவில்லை.
கீழே போனான்.
உடைப்பதற்கு எண்ணி வைத்த பழசுகளில்
ஒன்றைத் தோளில் ஏற்றி வந்தான்.
பத்தொன்பது வருடக் கிழடு,
கரண்டு குடிப்பதில் மொடாக்குடியன்.
படிக்கட்டு விளக்கின் லைனில் கொக்கி.
இருமி, உறுமி, ஓடியது.

உடைத்தவை இருபத்துநான்கு என்று
கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாத அறிக்கையில்
இந்தக் கட்டடத்தின் சேமிப்பு கொஞ்சம் இடிக்கும்.
காரணம் என்ற கட்டத்தில்
'புழுதி' என்று எழுதிவிடலாம்.
இந்த ஊரில் அதை யாரும் மறுக்க முடியாது.