வாடி வீடு

பெயர்ப்பலகைக் கோப்பு என் மேசைக்கு வந்தபோது
மற்ற இரண்டு மொழிகளும் முடிந்திருந்தன.
தமிழுக்கான கட்டத்தில்
'ஓய்வு இல்லம்' என்று பென்சிலால் எழுதி
யாரோ அடித்திருந்தார்கள்.
பொத்துவில் பிரதேச சபை, மொழிபெயர்ப்புப் பிரிவு.
பிரிவு என்றால் நானும் ஒரு மின்விசிறியும்.

"வாடி வீடு" என்றேன்.
"அதுக்கு என்ன அர்த்தம்?" என்றார் தலைவர்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் விஜேகோன்
கதிரையை இழுத்துப் போட்டார்.
"வாடி வென்ன. எங்கட பாசையில இருக்கச் சொல்றது, மிஸ்.
நீங்க எங்களிட்ட எடுத்திருப்பீங்க."

வரி கட்ட வந்த ஆதங்கண்டு விடவில்லை.
"வாடி எண்டா கரைவலைக்காரன்ட குடில்.
நாலு கம்பு, கொஞ்சம் கிடுகு, கருவாட்டு மணம்.
கடல் பெருக்க முன்னம் பிரிச்சிருவம்.
அதுக்கு எதுக்கு பலகை?"

அகராதி தோட்டம் என்றது, வேலி என்றது,
அடைப்பு என்றது,
பிறகு வடமொழிப் பக்கம் ஓர் அம்புக்குறியைப் போட்டு
நழுவிக்கொண்டது.

என்னிடமும் ஒரு சான்று இருந்தது.
கூட்டத்தில் சொல்லக்கூடியதல்ல.

முதல் நியமனம்.
கல்முனையிலிருந்து வந்த கடைசி பஸ்
கோமாரிக்கு இப்பால் புகைவிட்டு நின்றது.
நெல் லொறியில் ஏறி இங்கே இறங்கியபோது
பதினொன்றே கால், மழை.
முதல் லொட்ஜில்: தனியாவா?
இரண்டாவதில் அடையாள அட்டை கேட்டார்கள்,
இரு பக்கமும் பார்த்தார்கள், பிறகு: தனியாவா?
மூன்றாவதில் கேட்கவேயில்லை.
விளக்கை அணைத்தார்கள்.

வாடி வீட்டுக் கேற்றைத் தட்டினேன்.
கையில் அகப்பையோடு வந்தாள் மசாஹிரா,
சமையல்காரரின் மனைவி.
என் வயதுதான் இருக்கும்.
அறுந்த செருப்பைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.
பதிவேட்டை எடுக்கவில்லை.

"உள்ளுக்கு வாடி."

அவ்வளவுதான் சொற்பிறப்பியல்.
பிழை என்று எனக்கும் தெரியும்.
மீன் ஆணமும் சோறும் தந்தாள்,
கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று
தானே இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

கட்டத்தில் எழுதிக் கையொப்பமிட்டேன்.

அடுத்த மாதம் பலகை ஏறியது.
புதிய குத்தகைக்காரர், புதிய கண்ணாடிக் கதவு,
வெள்ளைக்காரருக்கு அலைச்சறுக்குப் பலகை வாடகைக்கு.
என் எழுத்து சரியாக வந்திருக்கிறதா என்று
வாசலில் நின்று பார்த்தேன்.
வந்திருந்தது. மை இன்னும் ஈரம்.

உள்ளே கவுண்டரில்
பயணப்பையை மடியோடு அணைத்து நின்ற ஒருத்தியிடம்
பேனாவைத் தட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தான் ஒருவன்:

தனியாவா?

கண்ணாடிக் கதவைத் தள்ளினேன்.